காட்டு மணம்

காகத்துக்கு வைத்த சோறு மதில்மேல் காய்ந்துகொண்டிருந்தது. புரட்டாதிச் சனி. விடிய எழும்பித் தோய்ந்து, ஈரத் தலையோடு கோயிலுக்குப் போய், சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, கறிகள் சமைத்து, முதற் சோற்றை வாழையிலைத் துண்டில் வைத்துத் தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒரு காகம் எட்டிப் பார்க்கவில்லை. காகம் தொடாமல் பராசக்தி வாயில் ஒரு பருக்கை வைக்க முடியாது. மற்றச் சனிக்கிழமைகளில் இலையை வைத்துக் கையை எடுக்கமுன்னமே நான் முந்தி நீ முந்தி என்று வந்து விழுகிற சாமான்கள். இன்றைக்குச் சண்டிலிப்பாய்க் காகமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னைகளில் கூடி நின்று, காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. அவளுக்குப் பசி வயிற்றைப் பிறாண்டியது. என்ன கோதாரியோ என்று பின்பக்கம் போனாள்.

கிணற்றடித் துவைகல்லில் அவளுடைய புருஷன் பஞ்சலிங்கம் சம்மணம் கட்டி இருந்தார். மடியில் ஒரு செத்த காகம். கெற்றப்போலில் கல் வைத்து அடித்திருக்கிறார். அதன் தலை ஒரு பக்கமாகத் தொங்க, சிறகை விரித்துப் பிடித்து நீள இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அவள் அரிசி புடைக்கிற சுளகில் தரம் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பு. அடுப்பின்மேல் தைப்பொங்கல் பானை. பானைக்குள் மஞ்சளாக ஏதோ உருகிக் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அதை அவளுடைய அகப்பையாலேயே கிண்டிக்கொண்டு குந்தியிருந்தவன் மார்க்கண்டு. பக்கத்துக் காணிக்காரன், புகையிலைத் தோட்டம் செய்கிறவன், பஞ்சலிங்கம் எங்கே போனாலும் பின்னால் போகிறவன்.

"என்னப்பா உது?"

"இறகு. அம்புக்கு இறகு கட்டவேணும். கோழியிறகு சரிவராது, காத்திலை ஆடும்."

"அது காகம். இண்டைக்குப் புரட்டாதிச் சனி."

"அது காகத்துக்குத் தெரியுமே?" என்றார் பஞ்சலிங்கம். மார்க்கண்டு சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"பானைக்குள்ளை என்ன?"

மார்க்கண்டு அகப்பையைப் பார்த்தபடி சொன்னான். "பண்டிக் கொழுப்பு, அக்கா. வில்லுக்குப் பூச. முந்தி வன்னியிலையிருந்து கொண்டந்தது, போத்திலுக்கை கிடந்து இறுகிப்போச்சு."

அந்த நேரம் பார்த்துக் காற்றுத் திரும்பியது. பழைய பன்றிக் கொழுப்பின் ஊசல் நாற்றம் மூக்குக்குள் ஏறியதும், பராசக்தி வாழையடிக்கு ஓடிப்போய் ஓங்காளித்தாள். வெறும் வயிற்றில் வருவதற்கு என்ன இருக்கிறது? கசந்த தண்ணீர் வந்தது. நிமிர்ந்தபோது பஞ்சலிங்கம் இறகொன்றைத் தூக்கிப் பிடித்து, வெயிலில் அதன் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விரதகாரருக்கு உதெல்லாம் ஒத்துவராது. நீர் உள்ளை போம்" என்றார். அந்தப் பானை இனி எந்தப் பொங்கலுக்கும் உதவாது என்பதோ, அவள் இன்றைக்குப் பட்டினி என்பதோ அவருடைய தலைக்குள் நுழையவே இல்லை.

பஞ்சலிங்கம் சங்கக்கடை மனேச்சர். வருஷத்தில் பதினொரு மாதம் பருப்பும் சீனியும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டு, வாய் திறவாத மனுஷனாக இருப்பார். புரட்டாதி பிறந்தால் போதும், ஆள் மாறிவிடும். மாரி தொடங்கமுன் வன்னிக் குளங்களில் தண்ணீர் வற்றி, மிஞ்சியிருக்கிற ஒன்றிரண்டு மடுக்களுக்கு மான்கள் கூட்டமாக இறங்குகிற காலம் அது. கலியாணம் செய்த நாளிலிருந்து பராசக்தி பார்க்கிறாள், ஒவ்வொரு புரட்டாதியும் துவக்கைக் கழற்றி எண்ணெய் விடுவதும், தோட்டா எண்ணுவதும், சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் பதுங்கிப் பதுங்கி நடந்து பார்ப்பதும். இறைச்சி வீட்டுக்குள் வராது என்பது அவள் போட்ட சட்டம். மச்சச் சட்டிகள் வெளிக் கொட்டிலில். அவரே சமைத்து, அவரே தின்று, அவரே கழுவிவிட்டுத் தோய்ந்துவிட்டுத்தான் வாசற்படி ஏறவேண்டும். அந்த அளவோடு இரண்டு பேரும் காலத்தைக் கொண்டுபோனார்கள்.

போன வருஷம் இயக்கப் பெடியள் வந்து ஊரில் இருந்த துவக்கெல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார்கள். பஞ்சலிங்கத்தின் துவக்கும் போனது. அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. பராசக்தி வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், பெடியள் செய்ததில் இது ஒன்றாவது நல்ல காரியம் என்று மனதுக்குள் நினைத்தாள். சனி விட்டது என்றிருந்தாள். விடவில்லை. எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி முடிய, மனுஷன் கமுகஞ் சலாகை ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் போட்டுச் சீவத் தொடங்கினார். வில் செய்யப் போகிறாராம். வல்வெட்டித்துறையிலிருந்து மீன் பிடிக்கிற தங்கூசி நூல் எடுப்பித்து, நாலு புரியாக முறுக்கி நாண் ஆக்கினார். குடைக் கம்பிகளை உருவி அம்புமுனைக்கு ராவினார். பிறகு அது காணாதென்று, லொறி வில்லுத் தகட்டில் கொல்லனைக் கொண்டு முனை அடிப்பித்தார். அவளுடைய இரண்டு குடைகளும் எலும்பில்லாமல் கதவுக்குப் பின்னால் தொங்கின.

வில் செய்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஊர் முழுக்கச் சொன்னார். துவக்குப் போனபின் குனிந்துகொண்டு சங்கக்கடைக்குப் போய்வந்தவர், இப்போது வாசலில் நின்று நாணை இழுத்துச் சுண்டிச் சத்தம் காட்டினார். சனம் கூடியது. எங்கள் சனத்துக்கு இறைச்சி என்றால் பங்குதானே. ஆடு அடிக்கமுன்னமே யாருக்கு எத்தனை பங்கு என்று பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த ஆடு ஆகக்குறைந்தது கண்ணுக்கு முன்னால் கட்டி நிற்கும். பஞ்சலிங்கமோ வன்னியில் எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கிற, இன்னும் தன் கண்ணாலேயே காணாத மானுக்குப் பங்கு சொன்னார். பின்தொடை இன்னாருக்கு, ஈரல் இன்னாருக்கு. பக்கத்து வீட்டுச் செல்வநாயகி, பிள்ளைத்தாய்ச்சி மகளுக்கென்று நெஞ்செலும்பு கேட்டாள். ஓம் என்றார். கேட்ட ஒருவருக்கும் அவர் இல்லை என்று சொல்லவில்லை.

இவர்களுக்குள் பராசக்திக்கு ஆக அருவருப்பானவர் ஆழ்வாப்பிள்ளையர். இளைப்பாறிய தபாலதிபர், பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா. நெற்றி நிறைய நீறு. மச்சம் தின்கிறவன் மடைப்பள்ளிப் பக்கம் வரக்கூடாது என்று சத்தம் போடுகிற மனிதர். அவர் ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு வந்து, வில்லைத் தடவிப் பார்த்து, தொண்டையைச் செருமினார்.

"பஞ்சலிங்கம், மானிறைச்சியை ஒரு மச்சமெண்டு சொல்லேலாது கண்டீரோ. புல்லுத் தின்னி. ரிஷிமார் இருந்த காட்டிலை மேய்ஞ்சது. மான்தோலிலை இருந்துதானே தவமே செய்தவை?"

"ஓம் ஐயா. உங்களுக்கும் ஒரு பங்கு வைக்கட்டே?"

"எனக்கு வேண்டாம். மருமோன் தின்னுவார்" என்றார் ஆழ்வாப்பிள்ளையர். படலைவரை போய்த் திரும்பி வந்தார். "மருமோனுக்கு ஈரலெண்டால் விருப்பம்."

உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த பராசக்திக்குத் துருவலையை அப்படியே கொண்டுபோய் அந்த நீற்று நெற்றியில் அப்பவேண்டும் போலிருந்தது. ஆனால் அவளுக்கு இன்னொருவரைப் பார்த்துச் சீ என்று சொல்லுகிற உரிமை இருந்ததா? அந்தக் கேள்வி பின்வளவில் பலா மரத்தடியில் கட்டிக் கிடந்து செருமிக்கொண்டிருந்தது.

அது வைரவருக்கு நேர்ந்து விட்ட கிடாய். தை மாதம் அவளுடைய ஒரே மகன் குகநேசன் ஜேர்மனிக்கென்று வெளிக்கிட்ட கிழமையே வாங்கிய குட்டி. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவள், வயற்கரை வைரவர் சூலத்துக்கு முன்னால் போய் நின்று, பிள்ளை போய்ச் சேர்ந்தால் அடுத்த வருஷ வைகாசி வேள்விக்குக் கிடாய் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். பிள்ளையாரிடம் அப்படிக் கேட்க முடியாது. அவர் மோதகத்தோடு சரி. இந்தக் காலத்தில் மோதகத்துக்குப் பிள்ளைகளைக் காப்பாற்றித் தரும் சாமி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. வைரவர் ரத்தம் கேட்கிற சாமி. கேட்பதைக் கொடுத்தால் பேச்சு மாறமாட்டார். காதில் சிறு வெட்டுப் போட்டு, நேர்த்திக் கிடாய் என்று அடையாளம் வைத்துக் கட்டினாள். ஆனி வரைக்கும் குகநேசனிடமிருந்து ஏதாவது ஒரு சேதி வந்துகொண்டிருந்தது. ஆனிக்குப் பிறகு ஒன்றுமில்லை. கொழும்பில் இருந்த ஏஜென்சிக்காரன், "பாதையிலை நிக்கினம்" என்றான். எந்தப் பாதையில் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

கிடாய்மீது அவளுக்குப் பாசம் கீசம் ஒன்றும் கிடையாது. சொல்லப்போனால் அதைக் கண்டாலே குமட்டும். ஆவணி தொட்டு அது மதம் பிடித்து நின்றது. முன்னங்காலிலும் தன் தாடியிலும் தானே மூத்திரம் பெய்து, அதை நக்கி, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டும். அந்த மொச்சை நாற்றம் இருக்கிறதே, பூவரசங் குழை கட்டிவிட்டு வந்து மஞ்சள் போட்டு, சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்தாலும் போகாது. சோற்றைப் பிசையும்போது விரலிலிருந்து எழும்பும். நித்திரையில் முகத்தில் கை பட்டால் எழுப்பிவிடும். ஆனாலும் கஞ்சி வைத்தாள், குழை கட்டினாள், உண்ணி பார்த்தாள். அது மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும்வரைக்கும், எங்கேயோ ஒரு குளிர் தேசத்தில் அவனும் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறான் என்பது அவளுடைய கணக்கு. வெளியில் சொன்னால் விசர் என்பார்கள். சொல்லவில்லை.

காகம் செத்த சனிக்கிழமைக்கு அடுத்த நாள் பின்னேரம், பின்வளவில் சிரிப்புச் சத்தமும் கிடாயின் அலறலும் ஒன்றாகக் கேட்டன. போய்ப் பார்த்தாள். வாழைக் குத்தியை நட்டு அதற்கு அம்புவிட்டுப் பழகியவர்களுக்கு அது அலுத்துப்போய்விட்டதாம். முனையில் துணிப் பந்து சுற்றிய அம்புகளால் கிடாய்க்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். கிடாய் பலாவைச் சுற்றிச் சுற்றி ஓடி, கயிறு முழுக்க மரத்தில் சுற்றி, கழுத்து அடிமரத்தோடு ஒட்டி, நாக்கு வெளியே தள்ளி நின்றது. நாண் சுண்டுகிற சத்தத்துக்கே அதன் தோல் துடித்தது. மார்க்கண்டு, "நெஞ்சிலை அண்ணை, நெஞ்சிலை" என்று கத்தினான். பராசக்தி ஓடிப்போய்க் கிடாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கயிற்றை இளக்கினாள். அதன் தாடி ஈரம் அவள் கழுத்தில் பட்டது.

"வைரவற்றை கிடாய். இதிலையோ உங்கடை விளையாட்டு?"

"துணிதானே சுத்தியிருக்கு, நோகாது. ஓடுற மிருகத்துக்கு அடிச்சுப் பழகாமல் காட்டிலை போய் என்னத்தைப் பிடுங்கிறது?"

"இது குகனுக்கெண்டு வைச்சது!"

பஞ்சலிங்கம் வில்லைத் தாழ்த்தினார். குரல் மெதுவாகத்தான் வந்தது. "தெரியும். வைகாசியிலை கழுத்தை வெட்டக் குடுக்கத்தானே நீர் வளக்கிறீர்? நான் துணியாலை அடிச்சால் பாவம், நீர் வெட்டக் குடுத்தால் புண்ணியமே?"

 அவர் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு மீசையைத் தடவினார். அன்றிரவு அவள் நாலு தரம் தோய்ந்தாள். நாற்றம் சேலையில் இருந்ததா, தோலில் இருந்ததா, அந்தக் கேள்வியில் இருந்ததா தெரியவில்லை. படுத்த பிறகும் தன்மேலேயே அருவருத்துக்கொண்டு கிடந்தாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு வேட்டைக்காரரும் வெளிக்கிட்டார்கள். வில்லையும் அம்பையும் பாய்க்குள் வைத்துச் சுருட்டி, செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரித் தோளில் வைத்துக்கொண்டார்கள். வழியில் ஆமி மறித்தால் என்ன செய்வதென்று செல்வநாயகி கேட்டாள். "துவக்கெண்டால்தான் பயம். வில்லு ஒரு ஆயுதமே? ராமர் வைச்சிருந்தவர்" என்றார் பஞ்சலிங்கம். சந்தியில் தேங்காய் உடைத்தார்கள். பங்கு சொன்ன சனம் பஸ் வரும்வரை நின்று வழியனுப்பியது. ஆழ்வாப்பிள்ளையர் நீறு பூசிவிட்டார். பராசக்தி படலையைச் சாத்திவிட்டு வந்து, மாதக்கணக்கில் இல்லாத நிம்மதியோடு சுடச்சுடச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் தின்றாள். காகங்கள்கூட மதிலுக்கு வந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை காலை, மருதனார்மடத்துக்கு அங்கால் இருக்கிற அருமைநாயகியின் வீட்டுக்குப் போனாள். அருமைநாயகியின் மகனும் குகநேசனும் ஒரே ஏஜென்சியில், ஒரே நாளில் போனவர்கள். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், கொழும்பிலிருக்கிற தமையனுக்கு ரெலிபோன் எடுத்துக் கதைத்தான் என்று சந்தையில் கேள்விப்பட்டிருந்தாள். அருமைநாயகி அவளைக் கண்டதும் எழும்பி நின்றாள். முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் தேத்தண்ணீர் போடுகிறேன் என்றாள்.

"தேத்தண்ணி வேண்டாம். குகனைப் பற்றி ஏதும் சொன்னவனோ?"

"ஏதோ ஒரு எல்லையாம், அக்கா. காட்டுக்குள்ளாலை நடந்தவங்களாம். வெளிச்சம் அடிச்சு, நாயளை விட்டுத் துரத்தினவங்களாம். எல்லாரும் சிதறி ஓடினதாம். இவன் ஒரு பக்கத்தாலை ஓடி, எப்பிடியோ தப்பி வந்திட்டான்." அருமைநாயகி அவள் கையைப் பிடித்தாள். "மற்றப் பெடியள் என்ன ஆனாங்களெண்டு தனக்குத் தெரியாதாம்."

திரும்பி வருகிற வழியெல்லாம் பராசக்தி அழவில்லை. ஹெலிகொப்ரர் ஒன்று தாழப் பறந்து போக, தெருவில் போனவர்கள் வேலியோடு ஒண்டினார்கள். அவள் நடுத் தெருவால் நடந்தாள். மனம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் பிடித்தது. கிடாய் நிற்கிறது. கிடாய் நிற்கிறவரைக்கும் பேச்சு முறியவில்லை. இன்றைக்குத் தவிடு கூடப் போட்டுக் கஞ்சி வைக்கவேண்டும். துணிப் பந்து பட்ட இடத்துக்கு மஞ்சளும் எண்ணெயும் தடவவேண்டும். இனிமேல் அதைக் கண்டு மூக்கைப் பொத்தக்கூடாது. அதன் நாற்றத்தை அருவருத்ததுதான் குற்றமாகிப் போனதோ என்றுகூட நினைத்தாள்.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் சனத்தைக் கண்டாள். கையில் சட்டி, பனையோலைப் பெட்டி, வாழையிலை. எல்லாரும் சிரித்த முகம். "அக்கா, உங்கடை மனுசன் கெட்டிக்காரன்!" என்றாள் செல்வநாயகி, நெஞ்செலும்புச் சட்டியை ஒரு கையால் மூடிக்கொண்டு. பராசக்தி உள்ளே போனாள். மாமரத்தின் கீழ் வாழையிலைகள் விரித்து, வரிசையாகக் கூறு போட்டிருந்தது. எல்லாவற்றிலும் ஈ. பஞ்சலிங்கம் சாறத்தை மடித்துக் கட்டி, முழங்கை வரைக்கும் ரத்தத்தோடு நின்று, இது இன்னாருக்கு, இது இன்னாருக்கு என்று கொடுத்துக்கொண்டிருந்தார். தலையும் தோலும் எங்கே என்று யாரோ கேட்டார்கள். பாரம் குறைக்கக் காட்டிலேயே விட்டுவிட்டோம் என்றார்.

அவளுக்கு முதலில் தெரிந்தது நாற்றம். ஆவணி தொட்டு அவள் விரல்களிலிருந்து தேய்த்துத் தேய்த்துப் போகாத அதே மொச்சை. பலா மரத்தடிக்குப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் போனாள். மரத்தைச் சுற்றிக் கயிறு. நேற்றுக் கட்டிய பூவரசங் குழை பாதி தின்றபடி. வாழைகளுக்கு நடுவில் புதிதாகக் கிளறிய மண்மேல் காகங்கள் இறங்கி நின்றன. கிணற்றடியில் மார்க்கண்டு கத்தி கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பினான், கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"சொல்லு" என்றாள்.

"பாதையிலை ஆமிக்காரங்கள் மறிச்சாங்கள், அக்கா. பாயை விரிக்கச் சொன்னாங்கள். வில்லைக் கண்டிட்டு ஒருத்தன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சான். முறிச்சு எறிஞ்சுபோட்டுத் திரும்பிப் போகச் சொன்னாங்கள். அண்டைக்கே வந்திட்டம். அண்ணை என்ரை தோட்டக் கொட்டிலுக்கைதான் கிடந்தவர். பங்கு சொன்ன சனத்துக்கு என்ன முகத்தோடை போறதெண்டு... நான் வேண்டாமெண்டு சொன்னனான், அக்கா."

"நீயும் பிடிச்சனியோ?"

மார்க்கண்டு நிலத்தைப் பார்த்தான். "கால் மட்டுந்தான்."

அவள் திரும்பி மாமரத்தடிக்கு வந்தாள். ஆழ்வாப்பிள்ளையர் அதற்குள் வந்து நின்றார். சால்வையால் மூடிய ஒரு பனையோலைப் பெட்டி கையில். மருமகனுக்கு வைத்திருந்த கூறின்மேல் குனிந்து, ஈரலுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், கண்ணை மூடி இழுத்து மணந்தார். பூசையில் கர்ப்பூரத்தை ஒற்றிக்கொள்ளும்போதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு பக்தியை அவள் கண்டதில்லை.

"ஆட்டிறைச்சி மாதிரியும் கிடக்கு, இல்லாத மாதிரியும் கிடக்கு. கொஞ்சம் கடுமைதான்" என்று யாரோ இழுத்தார்கள்.

"உமக்கு என்ன தெரியும்? உதுதான் காட்டு மணம்" என்றார் ஆழ்வாப்பிள்ளையர். "வீட்டாட்டிலை உது வராது. காடு முழுக்க ஓடித் திரிஞ்ச மிருகத்துக்குத்தான் உந்த மணம்." உடனே எல்லாரும் தங்கள் தங்கள் சட்டியை மணந்து பார்த்து, ஓம் ஓம், காட்டு மணம்தான் என்று தலையாட்டினார்கள். பராசக்தி மூக்கைப் பொத்தவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பஞ்சலிங்கம் அப்போதுதான் அவளைக் கண்டார். கையில் இருந்த கூறு இலையில் நழுவி விழுந்தது. பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், கெஞ்சுகிற குரலில் சொன்னார். "கொஞ்சம் பொறும். ஊர் முழுக்கச் சொல்லிப் போட்டன். வைகாசிக்கு இன்னும் நாள் கிடக்கு. சந்தையிலை உதைவிட நல்லதாய் வேறை ஒரு கிடாய் வாங்கித் தாறன்."

"குகனுக்கும் வேறை ஒண்டு வாங்கித் தருவியளோ?"

அவருடைய முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோனது. அவர் காகத்தின் இறகு பிடுங்கியபோதும், கிடாய்க்கு அம்பு விட்டபோதும், அதன் கழுத்தை அறுத்தபோதும் ஒரு கணமாவது மகனை நினைத்தாரா என்று அவள் அந்த முகத்தில் தேடினாள். நினைக்கவே இல்லை என்பதுதான் அங்கே எழுதியிருந்தது. அருமைநாயகி சொன்னதை அவரிடம் சொல்ல வாய் வந்தது. ரத்தக் கையைப் பார்த்தாள். இந்தக் கையோடு நிற்கிறவனுக்கு என் பிள்ளையின் சேதி இல்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

இப்போது ஒரு வார்த்தை போதும். இது மான் இல்லை, வைரவருக்கு நேர்ந்த கிடாய் என்று சொன்னால், இத்தனை சட்டியும் நிலத்தில் விழும். நேர்ந்த உயிரைப் பங்கு போட்ட குற்றம் ஊருக்கே வரும் என்று ஓடுவார்கள். புருஷன் சாகும்வரை தலை நிமிரமாட்டார். சொல்லவேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் அந்த நாற்றம்தான் போனது. சொன்னால் கிடாய் எழும்பி நிற்குமா? குனிந்தாள். ஆழ்வாப்பிள்ளையரின் மூக்குக்குக் கீழேயிருந்த இலையை, ஈரலும் இறைச்சியுமாக, இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினாள். பிறந்ததிலிருந்து இறைச்சியைத் தொடாத கை. வழவழவென்று, இன்னும் இளஞ் சூடாக இருந்தது.

"பிள்ளை, அது மருமோனுக்கு..." என்றார் ஆழ்வாப்பிள்ளையர்.

"இது வைரவற்றை பங்கு."

 பஞ்சலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஆழ்வாப்பிள்ளையரே தலையை ஆட்டினார். "சரிதான். வேட்டை இறைச்சியிலை முதற் பங்கு சாமிக்குத்தானே. எங்களுக்கு அது ஞாபகம் வரேல்லை. சைவப் பொம்பிளை எண்டால் உப்பிடியெல்லோ இருக்கவேணும்." மற்றவர்களும் அவளை மரியாதையாகப் பார்த்து வழிவிட்டார்கள். செல்வநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பராசக்திக்கு அந்த மரியாதையின்மேல் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

வயற்கரை வரைக்கும் ரத்தம் முழங்கையால் வழிந்து சேலையில் சொட்டியது. கழுவவில்லை, துடைக்கவில்லை. வைரவர் கோயில் என்று பெயர், ஆனால் அங்கே ஒரு சூலம், ஒரு கல், ஒரு புளிய மரம். அவ்வளவுதான். சூலத்தின் அடியில் இலையை வைத்தாள். என்ன சொல்வது? நேர்ந்தது கிடாய் முழுக்க. கொண்டுவந்தது ஒரு கூறு. அதுவும் முறையான வேள்வியில்லை, திருடி அறுத்தது. வைகாசிக்குச் சொன்னது புரட்டாதியில் வந்திருக்கிறது. அவன் போய்ச் சேர்ந்தால் என்று சொன்னது, சேர்ந்தானோ இல்லையோ தெரியமுன் வந்திருக்கிறது.  ஊர்ப் பக்கமிருந்து மிளகாய்த்தூள் வறுபடுகிற வாசம் வந்தது. எல்லா வீட்டிலும் அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

புளிக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் வந்தது. கறுப்பு நாய், விலாவெல்லாம் சொறி, ஒரு கண் பீளை கட்டியிருந்தது. வைரவரின் வாகனம் என்று அந்தப் பக்கத்து நாய்களை ஒருவரும் கல்லால் அடிப்பதில்லை. அது சூலத்தையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. நேரே வந்து இலைக்குள் வாயை வைத்தது. ஈரலை முதலில் இழுத்தது. பிறகு இறைச்சித் துண்டங்களை மெல்லாமல், தொண்டை விம்ம விம்ம விழுங்கியது. கடைசியில் இலையை நக்கியது, நக்கி நக்கி இலை கிழிந்தது. அவள் துரத்தவில்லை. எடுத்துக்கொண்டது வைரவரா, வெறும் நாயா என்று அதன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

நாய் தலையைத் தூக்கியது. கிட்ட வந்து, தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய விரல்களை முகர்ந்து, ஒவ்வொன்றாக நக்கியது. சூடான, சொரசொரத்த நாக்கு. அருவருப்பில் அவளுடைய உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. நக்கி முடித்ததும் நாய் இரண்டடி பின்னால் போய், பின்காலில் குந்தி, வாலை மண்ணில் அடித்துக்கொண்டு, இன்னும் என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்பது போல அவளுடைய வெறுங் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.